ஔவையாரின் அரசியல் அங்கதம்: தகடூர்த் தூதுப் பாட்டினை முன்வைத்து ஓர் ஆய்வு

1. முன்னுரை

ஆள்வோரின் குறையை நகையினாற் சுட்டும் இலக்கியம் நம் மொழிக்கு ஆங்கிலக் கல்வியும் அச்சுப்பொறியும் கொணர்ந்த புதுவரவு என்று கருதுவார் உளர். தம் கருத்துக்கு அவர் இரண்டு காரணங்கள் காட்டுவர். சங்கப் புலவர் பரிசில் வாழ்க்கையர். தம்மைப் புரந்தோரைப் புகழ்தலன்றி வேறு உரிமை அவர்க்கு இல்லை என்பது ஒன்று. அரசியல் அங்கதம் தழைத்தற்குப் பொதுமக்கள் கருத்து என்னும் அரங்கம் வேண்டும். அஃது அந்நாளில் இல்லை என்பது மற்றொன்று. இவ்விரு காரணங்களும் சங்கப் பாடல்களை நேரிற் கண்டு ஆராய்வார்க்கு வலியுடையனவாகத் தோன்றா. இதனை நிறுவுதற்குத் தகடூரை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சியின் பொருட்டு ஔவையார் தொண்டைமானிடம் தூது சென்று பாடிய புறநானூற்று 95-ஆம் பாட்டினை நடுவாக வைத்துக்கொள்வோம். அதனோடு தொடர்புடைய அவருடைய பிற பாடல்களையும், ஒப்புநோக்கத்திற்காக ஆங்கில நாட்டு அங்கதப் புலவர் சிலரையும் சேர்த்துக் காண்போம்.

இப்பாட்டு ஒன்பதே அடிகளால் இயன்றது. பள்ளிப் பாடநூல்களிலும் மேடைப் பேச்சுகளிலும் பன்முறை எடுத்தாளப்பெற்று, அப்பழக்கத்தாலேயே ஆழ்ந்து நோக்கப்படாமல் விடப்பட்டது. ‘வஞ்சப்புகழ்ச்சிக்கு எடுத்துக்காட்டு’ என்னும் ஒரு தொடரோடு இதனை விட்டுச் செல்வதே பெருவழக்காக உள்ளது. அத்தொடர் இப்பாட்டிற்குப் பொருந்துமா என்பதும், பொருந்தாதெனின் இதன் ஆற்றல் எதனால் அமைந்தது என்பதும் ஈண்டு ஆராயப்படும்.

2. அங்கதம் பற்றிய தொல்காப்பியர் கொள்கை

யாப்பின் வகைகளை எண்ணப் புகுந்த தொல்காப்பியர், பாட்டு, உரை, நூல், வாய்மொழி, பிசி, முதுசொல் என்பவற்றோடு அங்கதத்தையும் உடன்வைத்து ஏழாகக் கூறினார். அங்கதம் ஒரு தனி வகையாக எண்ணப்படும் அளவிற்கு அக்காலத்தில் வழக்குப் பெற்றிருந்தது என்பது இதனாற் பெறப்படும். அதனை அவர் செம்பொருள் அங்கதம் எனவும் பழிகரப்பு அங்கதம் எனவும் இருவகையாகப் பகுத்தார். வெளிப்படப் பழிப்பது முன்னையது. பழியை மொழியினுள் மறைத்து வைப்பது பின்னையது.

இவற்றினும் நம் ஆய்வுக்கு இன்றியமையாதது செய்யுளியலில் வரும் மற்றொரு பாகுபாடு. புகழும் பொருளும் கூடியமைவது செவியறிவுறூஉ ஆகிய செவியுறைச் செய்யுள் என்றும், வசையும் நசையும் கூடியமைவது அங்கதச் செய்யுள் என்றும் அவர் இரண்டினையும் எதிரெதிர் வைத்தார். வசை அங்கதத்திற்கு உரியது என்பதில் வியப்பில்லை. ‘நசை’ என்பதனை உடன் சேர்த்ததே நுண்ணிது. நசையாவது விருப்பம். யாதானும் ஒன்றை விரும்பி நிற்பவனே அங்கதம் பாடுகிறான். விருப்பமற்ற வெறுஞ்சினம் அங்கதம் ஆகாது என்பது இதனாற் கொள்ளப்படும். பரிசில் வேண்டி நிற்கும் புலவனுக்கு அங்கதம் பாடும் உரிமை இல்லை என்பார் கூற்றினை இவ்விலக்கணமே மறுத்துவிடுகிறது. நசையுடையோனே வசை பாடுதற்கும் உரியன்.

ஈண்டு ஒரு தடை எழலாம். அங்கதச் செய்யுளை வெண்பா யாப்பினவற்றோடு சேர்த்து எண்ணினார் தொல்காப்பியர். ஔவையாரின் தூதுப் பாட்டோ ஆசிரியப்பா. தொகுத்தோரும் இதற்குப் பாடாண் திணையும் வாண்மங்கலத் துறையும் வகுத்தனரேயன்றி அங்கதம் என்று குறித்திலர். எனவே இதனை அங்கதம் எனல் எவ்வாறு பொருந்தும் எனின், கூறுதும். யாம் இதனை அங்கதம் என்பது யாப்பு நோக்கியன்று, பொருள் நோக்கி. அன்றியும், பழிகரப்பு என்பது பழி தோன்றாதவாறு மறைத்தல். மறைவு நிறைவுற்ற இடத்துப் பாட்டின் புறத்தோற்றம் புகழாகவே நிற்கும்; அதற்குப் பாடாண் திணை வகுத்தல் இயல்பே. துறை வகுத்ததும் ஆழ்ந்து நோக்கத் தக்கது. பகைவரைச் சுட்டிய வாள்மங்கலம் என்பது பாடாண் துறைகளுள் ஒன்று. அரசன் படைக்கலத்திற்குச் சிறப்புச் செய்து வாழ்த்துதல் அதன் பொருள். இப்பாட்டில் மாலையும் நெய்யும் பெற்று மங்கலச் சிறப்போடு இருப்பவை தொண்டைமானின் படைக்கலங்கள். சிதைந்து கிடப்பவை அஞ்சியின் படைக்கலங்கள். ஆயின் வாழ்த்துப் பெறுவதோ சிதைந்து கிடக்கும் வேலே. மங்கலம் செய்யப்பட்ட படை ஒன்று, மங்கலம் பெற்ற படை வேறொன்று. துறையின் பெயரும் பாட்டின் அங்கதத்தில் பங்கு கொள்வதை இதனால் அறியலாம்.

3. ஔவையாரும் தகடூரும்

ஔவையார் என்னும் பெயருடைய புலவர் பலர் தமிழில் வாழ்ந்தனர். ஆத்திசூடியும் கொன்றைவேந்தனும் மூதுரையும் நல்வழியும் பாடியவர் சங்க காலத்திற்குப் பன்னூறாண்டு பிற்பட்டவர். கதைகளும் 1953-இல் வெளிவந்த திரைப்படமும் இவரனைவரையும் ஒருவராக்கிக் காட்டின. அதனால் சங்க ஔவையாரின் வாழ்வை அவர் பாடல்களினின்றே எடுத்துக்கொள்ள வேண்டியுள்ளது. அவர் பாடியனவாகப் புறநானூற்றில் 33, குறுந்தொகையில் 15, நற்றிணையில் 7, அகநானூற்றில் 4 என 59 பாடல்கள் கிடைத்துள்ளன. புறப்பாடல்களுள் பெரும்பகுதி அஞ்சியையும் அவன் மகன் பொகுட்டெழினியையும் பற்றியன. 87 முதல் 104 வரையுள்ள பாடல்கள் ஒரே தொடராக அமைந்து, ஒரு புலவர்க்கும் ஓர் அரசனுக்கும் இடையே நிலவிய உறவின் வரலாறாகவே விளங்குகின்றன.

தகடூர் என்பது இன்றைய தருமபுரி. சேலம் மாவட்டத்தினின்று 1965-இல் பிரிக்கப்பட்ட தருமபுரி மாவட்டம் 2004-இல் மீண்டும் பிரிந்து கிருட்டிணகிரி தனி மாவட்டமாயிற்று. தருமபுரி நகரின் அருகே அதியமான்கோட்டை என்னும் ஊர் இன்றும் அப்பெயரைத் தாங்கி நிற்கிறது. அதியமான் வெறும் புலவர் கற்பனையல்லன் என்பதற்குத் திருக்கோவலூர்ப் பகுதியிலுள்ள சம்பையில் 1981-இல் கண்டறியப்பட்ட தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு வலிய சான்று. அதியன் நெடுமான் அஞ்சி அளித்த கற்படுக்கையைக் குறிக்கும் அக்கல்வெட்டு, அவனைச் சதியபுத்திரன் என்றும் கூறுகிறது. அசோகனின் பாறைக் கட்டளைகளில் சோழ பாண்டியரோடும் கேரளபுத்திரரோடும் வைத்து எண்ணப்பட்ட சத்தியபுத்திரர் யாவர் என்று நெடுநாள் நிகழ்ந்த வழக்கு இதனால் முடிவுற்றது. கோவலூரை அஞ்சி வென்ற செய்தியையும், அதனைப் பரணர் பாடிய செய்தியையும் ஔவையாரே 99-ஆம் புறப்பாட்டிற் குறிக்கின்றார். பாட்டும் கல்லும் ஒரே நிலப்பகுதியைச் சுட்டி நிற்றல் காண்க.

பிறிதொரு செய்தியும் நினைவிற் கொள்ளற்பாலது. தூதுப் பாட்டின் அங்கதம் முழுவதும் ஒரு கொல்லன் பட்டறையை நம்பி நிற்கிறது. பழைய தருமபுரி மாவட்டத்தின் பகுதியாயிருந்து இன்று கிருட்டிணகிரி மாவட்டத்தில் அடங்கும் மயிலாடும்பாறையில் நிகழ்ந்த அகழாய்வில் இரும்பின் பயன்பாட்டுக் காலம் கி.மு. 2172 எனக் கணிக்கப்பட்டமை 2022-இல் வெளியாயிற்று. இரும்பு நெடுங்காலமாக வழங்கிய நிலத்தில் உலைக்களம் அன்றாடக் காட்சி. கொல்லனிடம் கிடக்கும் வேல் என்ற அளவிலேயே கேட்போர்க்கு முழுப்பொருளும் விளங்கியிருக்கும், விளக்கவுரை வேண்டப்பட்டிராது.

4. தூதுப் பாட்டின் அமைப்பு

பாட்டின் சூழலை அதன் கீழுள்ள குறிப்பே கூறுகிறது. அதியமான் தூது விடுப்பத் தொண்டைமானிடம் சென்ற ஔவைக்கு அவன் தன் படைக்கலக் கொட்டிலைக் காட்டினான், அவர் பாடினார். தொண்டைமான் ஏன் காட்டினான் என்பதனைக் குறிப்புக் கூறவில்லையாயினும், பகை நாட்டுத் தூதர்க்குப் படைக்கலம் காட்டுதலின் கருத்து வெளிப்படை. தன் வலிமையைத் தூதரின் வாய்வழியாகப் பகைவன் செவிக்குச் செலுத்துதலே அது. ஆகவே தொண்டைமான் செய்ததும் ஒருவகைப் பேச்சு. படைக்கலங்களால் ஆகிய பேச்சு. ஔவையார் அதற்கு மறுமொழி கூற வேண்டிய நிலையில் நின்றார்.

அம்மறுமொழியில் இரண்டு காட்சிகள் உள. அண்மைச் சுட்டால் தொடங்கும் முதற் காட்சியில், இங்குள்ள படைக்கலங்கள் மயிற்பீலி அணிந்து, மாலை சூடி, திரண்ட வலிய காம்புகள் திருத்தமுற்று, நெய் பூசப்பெற்று, காவல் மிக்க அகன்ற மாளிகையில் உள்ளன என்கிறார். சேய்மைச் சுட்டால் தொடங்கும் இரண்டாம் காட்சியில், அங்குள்ளவை பகைவரைக் குத்தியமையாற் பக்கமும் நுனியும் சிதைந்து கொல்லனது சிறிய கொட்டிலிற் கிடக்கின்றன என்கிறார். பின்னர் அவ்வேல்களின் தலைவன் இத்தன்மையன் என்று இரண்டு அடைகளாற் கூறி முடிக்கிறார்.

இவ்வமைப்பில் நோக்கத் தக்கன மூன்று. முதலாவது, சுட்டப்படும் பொருளின் பெயர் பாட்டின் ஈறு வரை வெளிப்படவில்லை. ‘இவை’ எவை, ‘அவை’ எவை என்பதனை இறுதிச் சொல்லாகிய ‘வேல்’ என்பதே முடித்துக் காட்டுகிறது. கேட்போன் இறுதிவரை காத்திருக்க வேண்டியவனாகிறான். அவன் காத்திருக்கும் பொழுதில் ஒப்புமை அவன் உள்ளத்திலேயே நிகழ்ந்து முடிகிறது. அவ்விறுதி வேலும் தொண்டைமானுடையதன்று, அஞ்சியினுடையது. முதற் காட்சிக்கு உரிய பெயரைத் தனியே கூறாது விட்டமையால், தொண்டைமானின் படைக்கலம் வேல் என்னும் பெயரைத் தானே பெறும் தகுதியும் இழந்தது போலாகிறது.

இரண்டாவது, இடங்களின் அளவு. ஒருபுறம் அகன்ற மாளிகை. மறுபுறம் குறுகிய கொட்டில். பெருமை பேரிடத்திலும் சிறுமை சிற்றிடத்திலும் இருக்கும் என்பது உலகத்தார் எண்ணம். அவ்வெண்ணத்தை ஔவையார் மறுத்துரைக்கவில்லை. இரண்டு இடங்களையும் அடுத்தடுத்து வைத்த அளவில் அது தானே தலைகீழாகிறது.

மூன்றாவது, காரணக் குறிப்பு. அஞ்சியின் வேல்கள் சிதைந்ததற்குக் காரணம் கூறப்படுகிறது. பகைவரைக் குத்தியமையே அக்காரணம். தொண்டைமானின் வேல்கள் பொலிவுற்றதற்குக் காரணம் கூறப்படவில்லை. கூறாது விட்ட அக்காரணமே பாட்டின் பழி. அவை இதுகாறும் யாரையும் குத்தவில்லை என்பதனைக் கூறவேண்டிய பொறுப்பு தொண்டைமானின் உள்ளத்திற்கே விடப்படுகிறது. பழிகரப்பு என்பதற்கு இதனினும் தெளிந்த விளக்கம் காண்டல் அரிது. பழியை மொழிந்தவர் ஔவையார் அல்லர். கேட்டவனே தனக்குத் தான் மொழிந்துகொண்டான்.

5. வஞ்சப்புகழ்ச்சியா?

புகழ்வது போலப் பழித்தலும் பழிப்பது போலப் புகழ்தலும் தண்டியலங்காரத்துள் இலேச அணியின்பாற் கூறப்பட்டன. தூதுப் பாட்டைப் பலரும் அதனுள் அடக்குவர். ஓரளவு அது பொருந்தும்; முற்றும் பொருந்தாது என்பது எம் கருத்து.

வஞ்சப்புகழ்ச்சியில் புகழும் சொல் பொய்யாக இருத்தல் வேண்டும். அல்லது பொய்யென்று கேட்போன் உணருமாறு மிகையாக இருத்தல் வேண்டும். கோழையை வீரன் என்பது அத்தகையது. தூதுப் பாட்டிலோ அத்தகைய சொல் ஒன்றும் இல்லை. தொண்டைமானின் படைகள் மாலை சூடியிருப்பது உண்மை. அவன் கண்முன்னர் உள்ளது. அஞ்சியின் வேல்கள் கொல்லனிடம் கிடப்பதும் உண்மை என்றே கூறப்படுகிறது. அவனைப் புகழும் சொல்லும் இல்லை, பழிக்கும் சொல்லும் இல்லை. இரண்டு உண்மைகள் ஒருங்கு வைக்கப்பட்டன, அவ்வளவே. மறுக்க விரும்பினும் மறுத்தற்கு அவனுக்கு ஒரு சொல்லும் அகப்படாது. பொய்ப்புகழை ‘இது பொய்’ என்று தள்ளலாம். கண்ணெதிர் நிற்கும் உண்மையைத் தள்ளுதல் இயலாது. ஆகவே இதனை வஞ்சப்புகழ்ச்சி என்பதினும், மெய்யினை மெய்யோடு மோதவிட்டுப் பழி காட்டும் அங்கதம் எனலே தகும்.

தூதர்க்குரிய இலக்கணத்தோடும் இது பொருந்துகிறது. தூது என்னும் அதிகாரத்திற்கு முன்னுரை எழுதிய பரிமேலழகர், தூதரைத் தான் வகுத்துக் கூறுவான், கூறியது கூறுவான் என இருதிறத்தாராக்கினார். கொட்டில் காட்டப்பட்ட பொழுதிற் பாடிய ஔவையார் முதல் திறத்தவர். தூது சென்றவர்க்கு உயிர்க்கேடு நேரினும் தம் அரசனுக்கு உறுதி பயப்பனவற்றையே உரைத்தல் வேண்டும் என்பது வள்ளுவர் கருத்து. அக்கேட்டிற்கு இடமின்றியும், உரைக்க வேண்டியதனைக் குறையாமலும் உரைத்தற்குப் பழிகரப்பு ஒன்றே வழி. இங்கு அங்கதம் அணிநலத்திற்காக வந்ததன்று. அந்நிலையின் தேவையாக வந்தது.

6. உணவும் வேலும்

உரையாசிரியரும் திறனாய்வாளரும் மிக விரைந்து கடந்து செல்லும் பகுதி பாட்டின் இறுதியடிகள். உள்ளபொழுது உணவு கொடுத்தும், இல்லாதபொழுது பிறரோடு உடனிருந்து உள்ளதனை உண்டும் வாழ்பவன் அஞ்சி; வறியோர் சுற்றத்திற்குத் தலைவன் என்பது அவற்றின் கருத்து. படைக்கலம் பற்றிய பாட்டில் சோறு ஏன் வந்தது? தலைவனைச் சிறப்பிக்கும் மரபுத் தொடர் என்று கூறி அமைவார் பலர். அவ்வளவில் அமையாது என்று நாம் கருதுகிறோம்.

தொண்டைமானின் கொட்டிலுக்குக் கொடுத்த அடைகளுள் ‘காவல்’ என்பது ஒன்று. காக்கப்படுவது செல்வம். அவன் படைக்கலம் செல்வமாகிவிட்டது; அழகுபடுத்திப் பூட்டிவைக்கும் பொருளாகிவிட்டது. அஞ்சியிடத்தோ பூட்டிவைக்கப்படுவது ஒன்றும் இல்லை. வேல் போர்க்களம் சென்று சிதைந்து வருகிறது. சோறு வறியோரிடம் சென்று தீர்ந்துபோகிறது. இரண்டும் வெளியே செல்வன, இரண்டும் செலவாவன. செலவிடப்படுவதே உடைமைக்குப் பயன் என்னும் ஒரே கொள்கை வேலிலும் சோற்றிலும் விளங்குகிறது. இவ்வாறு நோக்கின் இறுதியடிகள் ஒட்டாத அடைகள் அல்ல. பாட்டின் வாதத்திற்கு முடிவுரை ஆகும்.

எனவே இப்பாட்டு போர்ப் பயிற்சியுடையான் ஒருவனையும் இல்லான் ஒருவனையும் மட்டும் ஒப்பிடவில்லை. அரசு என்பது யாது என்னும் வினாவிற்கு இரு விடைகளை எதிரெதிர் வைக்கிறது. காட்சிக்கு வைத்த வலிமை ஒரு விடை; மக்களோடு பகிர்ந்த வாழ்வு மற்றொன்று. இல்லாத காலத்தில் உடனுண்ணும் தலைவன் பொருட்டு மக்கள் பொருவர் என்னும் எச்சரிக்கையும் அதனுள் அடங்கியுள்ளது. இந்த அளவிற்கு விரிதலானே இதனை அரசியல் அங்கதம் என்கிறோம். தனி மனிதனை நகையாடும் வசை இதுவன்று.

7. புரவலர்மீது சென்ற அங்கதம்

தன் அரசனுக்காகப் பகைவனை நகையாடுதல் எளிது என்றும், தன்னைப் புரந்தவனையே சுட்டுதல் அரிது என்றும் கூறுவார்க்கு 206-ஆம் புறப்பாட்டே விடை. அஞ்சி பரிசில் நீட்டித்த பொழுது ஔவையார் வாயில் காப்போனை விளித்துப் பாடியது அது. உன் தலைவன் தன் தகுதியை அறியானோ, என் தகுதியை அறியானோ என்று வினவுகிறார். அறிவும் புகழும் உடையோர் மாய்ந்து உலகம் வறிதாகிவிடவில்லை என்கிறார். யாழும் பையும் கட்டியாயிற்று என்கிறார். மரந்தச்சனின் தொழில் வல்ல சிறுவர் கோடரியோடு காடு புகுந்தால் எம்மரமும் அவர்க்குப் பயன்படுவது போல, எமக்கு எத்திசைச் செல்லினும் சோறு உண்டு என்று முடிக்கிறார்.

அரசனுக்குரிய சொல் வாயில் காப்போன்மேல் வைத்துக் கூறப்படுதல் நோக்கத் தக்கது. அஞ்சி உள்ளிருந்து கேட்கிறான். ஆயினும் அவனை நோக்கிப் பேசப்படவில்லை. தொண்டைமான் முன்னிலையில் வேல்களைப் பேசவிட்டவர், அஞ்சியின் வாயிலில் வாயிலோனைக் கேட்கவிட்டார். கரந்து மொழிதல் இரண்டிடத்தும் ஒன்றே. ஆயின் இதே அரசன் பரிசில் நீட்டித்த மற்றொரு பொழுதில் பாடிய 101-ஆம் பாட்டு, யானைக் கோட்டிடை வைத்த கவளம் தப்பாதவாறு போல அவன் பரிசில் தப்பாது என்று நெஞ்சிற்கு ஆறுதல் கூறுகிறது. இரண்டனையும் ஒருங்கு வைத்துக் காண்பார்க்கு, வசையும் நசையும் கூடியது அங்கதம் என்னும் இலக்கணத்தின் உண்மை விளங்கும். நசை பொய்யாயின் 101 பிறந்திராது. வசை அஞ்சியதாயின் 206 பிறந்திராது.

நாஞ்சில் வள்ளுவனைப் பாடிய 140-ஆம் பாட்டு இன்னொரு சுவையுடையது. பறித்த கீரைமேல் தூவுதற்குச் சிறிது அரிசி கேட்டோம். அவனோ குன்று போலும் யானையைக் கொடுத்தான். இத்தகைய தெளிவற்ற கொடையும் உண்டோ, பெரியோர் தம் கடமையை ஆராய்ந்து செய்யாரோ என்கிறார். இதுவே பழிப்பது போலப் புகழ்தல். இதனை நோக்கத் தூதுப் பாட்டு எவ்வளவு வேறுபட்டது என்பது எளிதிற் புலனாகும்.

கோவூர்கிழாரை ஈண்டு ஒப்பிடுதல் நலம். நலங்கிள்ளியும் நெடுங்கிள்ளியும் பொருத பொழுது அவர் பாடிய 45-ஆம் பாட்டு, பொருவோர் இருவரும் சோழரே, எவர் தோற்பினும் தோற்பது நும் குடியே என்று நேர்பட அறிவுறுத்தியது. அது செவியுறை நெறி. அறிவுரை கேட்கும் நிலையில் உள்ளவனுக்குச் செவியுறை. செருக்கி நின்று காட்சி காட்டுபவனுக்கு அங்கதம். இடம் அறிந்து இரண்டனையும் ஆண்ட மரபு நம்முடையது.

8. ஆங்கில நாட்டு அங்கதத்தோடு ஒப்பு

ஆங்கில அரசியல் அங்கதத்தின் தலைமகனாகப் போற்றப்படுபவர் சோனதன் சுவிப்டு. 1667-இல் தப்ளினிற் பிறந்து அந்நகரத்துத் தூய பேட்ரிக்குப் பெருங்கோயிலின் தலைமைக் குருவாக விளங்கி 1745-இல் மறைந்தவர். அயர்லாந்தில் செப்புக் காசு வெளியிடும் உரிமை உட்டு என்பவர்க்கு வழங்கப்பட்டதை எதிர்த்து 1724-இல் துணி வணிகர் ஒருவர் எழுதியன போலச் சில மடல்களை வெளியிட்டார். ஆசிரியரைக் காட்டிக் கொடுப்பார்க்கு 300 பவுன் பரிசு என அரசு அறிவித்தது, அச்சிட்டவர் சிறைப்பட்டார். 1729-இல் அவர் வெளியிட்ட சிறு நூலொன்று, வறிய அயர்லாந்து மக்களின் குழந்தைகளைச் செல்வர்க்கு உணவாக விற்கலாம் என்று கணக்கிட்டுக் காட்டும் பொருளியல் அறிஞன் ஒருவனின் அமைதியான குரலில் அமைந்தது. அக்குரலின் அமைதியே ஆள்வோர் மீது வீசிய பெருங்கணை.

இருவரையும் ஒப்பிடுவார்க்கு ஒற்றுமையும் வேற்றுமையும் தோன்றும். சினத்தைக் காட்டாது அமைந்த குரலிற் பேசுதலும், முடிவைக் கேட்போன் உள்ளத்திற்கு விடுதலும் இருவர்க்கும் பொது. ஆயின் சுவிப்டு முகமூடி அணிந்து பேசுகிறார். தாம் நம்பாத ஒன்றை நம்புவது போலக் கூறுகிறார். ஔவையார் முகமூடி அணியவில்லை. தாம் கண்டதனையே, தம் பெயரால், பகைவனின் முன்னிலையிற் கூறுகிறார். அச்சிட்ட நூலில் ஆசிரியர் மறையலாம். படைக்கலக் கொட்டிலில் நின்று பாடுவோர்க்கு மறைவிடம் இல்லை. அவ்வேறுபாட்டாலேயே ஒருவர் தம்மை மறைத்தார். மற்றவர் பழியை மறைத்தார்.

அங்கதத்திற்கு நேரும் இடுக்கண் அச்சுக் காலத்திலும் குறையவில்லை. நாடக மேடையில் அமைச்சர் நகையாடப்பட்டமை பொறாது 1737-இல் ஆங்கில நாட்டிற் பிறந்த நாடக உரிமச் சட்டம், மேடையை முன்கூட்டித் தணிக்கை செய்யும் முறையை உறுதிப்படுத்திற்று. அம்முறை 1968-இல்தான் நீங்கிற்று. வில்லியம் ஓன் என்னும் அங்கத எழுத்தாளர் 1817-ஆம் ஆண்டு திசம்பரில் அடுத்தடுத்த மூன்று நாள்களில் மூன்று வழக்குகளிற் குற்றம் சாட்டப்பட்டார். மூன்றிலும் நடுவர் குழு அவரைக் குற்றமற்றவர் என விடுவித்தது. நடுவர் குழுவும் செய்தித்தாளும் இல்லாத காலத்தில் புலவரைக் காத்தது யாது? புலவரைப் புறந்தருதலும் தூதரை மதித்தலும் வேந்தர்க்கு அறம் என்னும் பொதுக்கருத்தே ஆகும். அக்கருத்து மக்களிடமும் பாணரிடமும் வாழ்ந்தது. ஒருவன் வாயிலில் மறுக்கப்பட்ட புலவரின் பாட்டு அடுத்தவன் அவையிற் பாடப்படும் என்னும் அச்சம் மன்னர்க்கு இருந்தது. ஆகவே அங்கதத்திற்கு அரங்கம் இல்லை என்பாரின் இரண்டாம் காரணமும் நில்லாது.

9. அங்கதத்தின் எல்லை

ஔவையார் இத்தூதினாற் போரை நிறுத்தினார் என்றும், தொண்டைமான் நாணிப் பின்வாங்கினான் என்றும் கதை கூறுவார் பலர். பாட்டிலேனும் அதன் குறிப்பிலேனும் அச்செய்தி இல்லை. அமைதித் தூது என்று இதனைப் போற்றுவதும் பாட்டின் குரலோடு பொருந்தவில்லை. போர் தீது என்று ஔவையார் ஈண்டுக் கூறவில்லை. எம்மோடு பொரின் நீ கெடுவாய் என்பதே கருத்து. பகைவரை நோக்கிக் களம் புகாதீர் என எச்சரிக்கும் 87, 88 ஆகிய பாடல்களும், முழந்தாளளவு நீரிலும் முதலை யானையை வீழ்த்தும் என்னும் 104-ஆம் பாட்டும் இதே நெறியின. ஔவையார் ஒரு பக்கம் சார்ந்து நின்ற புலவர். சுவிப்டும் கட்சி சார்ந்து எழுதியவரே. சார்பு அங்கதத்திற்குக் குறையன்று. அதனை மறைத்துப் போற்றுதலே திறனாய்விற்குக் குறை.

சிதைந்த வேலைப் போற்றிய பாட்டின் மறுபக்கத்தையும் காணவேண்டும். தகடூர் நிலைபெறவில்லை. சேரமான் பெருஞ்சேரல் இரும்பொறை தகடூரை எறிந்தான். அவ்வெற்றியை அரிசில்கிழார் பதிற்றுப்பத்தின் எட்டாம் பத்திற் பாடினார். அதே அரிசில்கிழார் அப்போரில் வீழ்ந்த எழினிக்காக 230-ஆம் புறப்பாட்டில் இரங்கி, விதைநெல்லை உண்ட உழவன் போல அறியாமை செய்தாய் என்று கூற்றத்தைப் பழித்தார். அப்போரைப் பாடிய தகடூர் யாத்திரை என்னும் நூல் முழுமையாகக் கிடைக்கவில்லை. சில பாடல்களே எஞ்சின. அஞ்சி இறந்த பின்னர் ஔவையார் பாடிய 231, 232, 235 ஆகிய கையறுநிலைப் பாடல்களுள் இறுதியது மீண்டும் ஒரு வேலினைப் பேசுகிறது. அவன் மார்பில் தைத்த வேல், பாணரின் கலங்களையும் இரப்போர் கைகளையும் புலவர் நாவினையும் துளைத்துச் சென்றது என்பது அதன் கருத்து.

தூதுப் பாட்டில் பகைவரைக் குத்திச் சிதைந்த வேல் பெருமையாக நின்றது. கையறுநிலையில் பகைவனின் வேல் வறியோர் வாழ்வையே சிதைத்தது. இரண்டு பாட்டிலும் வேலும் சோறும் இணைந்தே வருகின்றன என்பது எம் கருத்துக்கு அரண் செய்கிறது. உடனுண்ணும் தலைவன் இருக்கும்வரை வேலுக்குப் பொருள் உண்டு. அவன் வீழ்ந்தபின் வறியோர் சுற்றத்திற்குத் தலைவன் இல்லை. அங்கதம் ஒரு செருக்கினை ஒருநாள் அடக்கவல்லது. ஓர் அரசை என்றும் காக்கவல்லதன்று. இவ்வுண்மையைப் பிறர் கூறவில்லை. அங்கதம் பாடிய புலவரே தம் இரங்கற்பாட்டால் உணர்த்தினார்.

10. முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் விளங்குவன இவை. அரசியல் அங்கதம் தமிழில் அச்சுக் காலத்தில் வந்த புதுவரவு அன்று. அதற்கு இலக்கணமும் இலக்கியமும் தொன்மையாகவே அமைந்துள்ளன. தகடூர்த் தூதுப் பாட்டின் அங்கதம் பொய்ப்புகழால் அமைந்ததன்று. இரண்டு உண்மைகளை ஒருங்கு நிறுத்தியதால் அமைந்தது. அதன் இறுதியடிகள் மரபு நிரப்பல் அல்ல. பூட்டிய செல்வத்திற்கும் பகிர்ந்த செல்வத்திற்கும் உள்ள வேறுபாட்டைக் காட்டிப் பாட்டை அரசியலாக்குவன. பகைவனிடத்தும் புரவலனிடத்தும் ஒரே நெறியால் பழி கரந்து மொழிந்த ஔவையார், பரிசில் வாழ்வும் அஞ்சாமையும் ஒன்றற்கொன்று மாறுபட்டன அல்ல என்பதற்குச் சான்றாவார்.

1894-இல் உ. வே. சாமிநாதையர் புறநானூற்றைப் பதிப்பித்த நாள்தொட்டு அதன் வீரமும் கொடையும் பெரிதும் ஆராயப்பட்டன. நகையும் அங்கதமும் அவ்வளவு ஆராயப்படவில்லை. வாயில் நின்று பாடியன, பரிசில் நீட்டித்த பொழுது பாடியன, தூதிற் பாடியன எனச் சூழல் நோக்கி அங்கதப் பாடல்களைத் தொகுத்து, வசையும் நசையும் அவற்றுள் எவ்வாறு கலந்தன என்று ஆராய்தல் முதுகலை மாணவர் மேற்கொள்ளத் தக்க நற்பணியாகும். அப்பணியில் முதற்கண் வைத்தற்குரியது, சிறு கொட்டிலிற் கிடந்த சிதைந்த வேலினைக் கொண்டு பெருமாளிகையின் செருக்கினை அளந்த இவ்வொன்பதடிப் பாட்டே ஆகும்.